சாயம் போகும் கடல்

கொடியில் துணி காயப்போடும்போது உட்பக்கத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். மீறினால் நாலு வெயிலில் சட்டை வெளுத்துவிடும். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிற வேதியியல், சைபீரியாவுக்கு வடக்கே ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் கடலிலும் செல்லும். அங்கே வெளுப்பது காட்டின் சாயம்.

லேனா ஆற்றை எடுத்துக்கொள்வோம். பைக்கால் ஏரிக்குப் பக்கத்து மலைகளில் பிறந்து, 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான லாப்டெவ் கடலில் போய் விழுகிறது. குளிர்காலம் முழுக்க அதன்மேல் பனிக்கட்டி மூடி கிடக்கும். மே கடைசியிலும் ஜூனிலும் அந்த மூடி உடையும். ஆண்டு முழுவதும் ஓட வேண்டிய நீரில் பெரியதொரு பங்கு அந்தச் சில வாரங்களிலேயே பாய்ந்து வந்துவிடும். கரையெங்கும் ஊசியிலைக் காடு, பாசி, மக்கிய இலைதழை. அதற்குக் கீழே கோடையிலும் உருகாத உறைமண். உருகிய நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. மேலே இருக்கிற மக்கிய அடுக்குக்குள் புகுந்து புகுந்துதான் ஆற்றுக்கு வர வேண்டும். தேயிலைத் தூள்மேல் தண்ணீர் ஊற்றி வடித்த மாதிரிதான். நிறமும் ஏறக்குறைய அதே: பால் விடாத டீ.

சைபீரியாவின் ஓப், யெனிசெய், கோலிமா, கனடாவின் மெக்கன்சி ஆகிய ஆறுகள் எல்லாம் இப்படியே வந்து கலக்கின்றன. உலகக் கடல்நீரில் ஆர்க்டிக் பெருங்கடலின் பங்கு சுமார் 1 சதவீதம். ஆனால் உலகத்து ஆறுகள் கடலில் கொட்டும் நீரில் சுமார் 10 சதவீதம் அந்தச் சின்னப் பாத்திரத்துக்குள் போகிறது. அந்த நீரோடு ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் கார்பனும், கரைந்த கரிமப் பொருளாக.

‘கரைந்த’ என்பதற்கு ஆய்வகத்தில் ஒரு கறாரான, கொஞ்சம் வேடிக்கையான அர்த்தம் உண்டு. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கே உள்ள துளைகள் கொண்ட வடிதாளில் கடல்நீரை ஊற்றுவார்கள். மேலே தங்கினால் துகள். கீழே இறங்கினால் கரைந்தது. அவ்வளவுதான் இலக்கணம். இப்படிக் கீழே இறங்கும் கரிமப் பொருளில் இருக்கும் கார்பன், உலகக் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 66,000 கோடி டன். காற்றில் கரியமில வாயுவாக மிதக்கும் கார்பனோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய அளவு. அதனால்தான் ஒரு குவளை மஞ்சள் தண்ணீருக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

மஞ்சள் என்றது சும்மா இல்லை. 1930களில் ஜெர்மன் கடலியலாளர் குர்ட் காலே இதற்கு வைத்த பெயரே ‘கெல்ப்ஸ்டோஃப்’, அதாவது மஞ்சள் பொருள். பெயர் வைப்பதில் அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது? மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது லிக்னின் என்ற பொருள். அது மக்கி உடைந்தாலும் அதன் வளையம் வளையமான கார்பன் கட்டமைப்பு எளிதில் போகாது. இந்த வளையங்கள் புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் விழுங்கிவிடும். மீந்த ஒளி மஞ்சளாக, செறிவு கூடினால் பழுப்பாக, நம் கண்ணுக்கு வருகிறது. எந்த மூலக்கூறு நிறம் தருகிறதோ அதுதான் ஒளியை விழுங்குகிறது. எது விழுங்குகிறதோ அதற்குத்தான் ஆபத்து.

300 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு புற ஊதா ஒளித்துகளிடம், இரண்டு கார்பன் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சாதாரணப் பிணைப்பை அறுக்கப் போதுமான ஆற்றல் இருக்கிறது. சிவப்பு ஒளியிடம் அதில் பாதிதான். ஆனால் கத்தரிக்கோல் மாதிரி நேராக அறுப்பது மட்டும் நடப்பதில்லை. ஒளியை விழுங்கிய மூலக்கூறு அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தவிக்கும். அந்தத் தவிப்பைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் போன்ற முரட்டுப் பொருள்கள் பிறக்கும். அவை அடுத்தடுத்த மூலக்கூறுகளைக் கடித்துக் குதறும். கடைசியில் வளையங்கள் உடைந்து நிறம் போகிறது. ஒரு பங்கு கரியமில வாயுவாகிறது, அதைவிட மிகச் சிறிய பங்கு கார்பன் மோனாக்சைடாகிறது. இன்னொரு பங்கு ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு போன்ற சின்னச் சின்னப் பொருள்களாக உதிர்கிறது.

இதைப் பரிசோதிக்கும் விதம் எளிமையானது. கடல்நீரை வடிகட்டிக் குழாய்களில் அடைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடிக் குழாய் ஆகாது. புற ஊதாக் கதிரின் வீரியமான பகுதியை அதுவே தடுத்துவிடும். குவார்ட்ஸ் குழாய்தான் வேண்டும். பாதிக் குழாய்களை வெயிலில் அப்படியே படுக்கவைப்பார்கள். மீதிப் பாதியை அலுமினியத் தாளில் சுற்றி அதே தொட்டியில், அதே குளிர்ந்த நீரில் போடுவார்கள். சில நாள் கழித்துத் தாளைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், ஆற்று முகத்து நீராக இருந்தால் கருவி வேண்டாம், கண்ணே சொல்லிவிடும். தாளில் சுற்றியது டீ. வெயிலில் கிடந்தது, டீ குடித்த டம்ளரைக் கழுவிய தண்ணீர்.

சரி, நிறம் போய்விட்டது. கார்பனும் போய்விட்டதா? இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். சட்டை வெளுத்தால் சாயம்தான் போகிறது, துணி அப்படியே இருக்கிறது. கடலிலும் அதேதான். நிறம் மளமளவென்று குறையும். கார்பன் அந்த வேகத்தில் குறையாது. செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்த்துத்தான் இந்தப் பொருளின் அளவைக் கணிக்கிறது. வெளுத்த கரிமப் பொருள் அதன் கண்ணில் படவே படாது. ஆகவே நிறத்துக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று தெரியாமல், வானத்திலிருந்து போடும் கணக்கை நம்ப முடியாது.

உதிர்ந்த சின்னப் பொருள்கள் வீணாவதில்லை. பாக்டீரியாவுக்கு முழு லிக்னினைத் தின்பது கஷ்டம். வெயில் உடைத்துத் தந்த துண்டுகளைச் சுலபமாகத் தின்றுவிடும். குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து கொடுப்பது போல வெயில் பிசைந்து கொடுக்கிறது. துருவக் கடலில் இதற்கு மதிப்பு கூடுதல். நீர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருப்பதால் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாக நடக்கும். ஒளியை விழுங்குவதற்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. பாசிகள் அப்போதுதான் வெளிவிட்ட புத்தம்புதுக் கரிமப் பொருளில் வெயில் பட்டால் சில சமயம் நேர்மாறாக நடக்கிறது: பாக்டீரியா எளிதாகத் தின்றிருக்கக்கூடியது, தின்ன முடியாததாக இறுகிவிடுகிறது.

அப்படியானால் ஆறுகள் கொண்டுவரும் அத்தனையையும் வெயில் கரியமில வாயுவாக்கிவிடுமா? அலாஸ்காவின் குபாருக் ஆற்றுப் படுகையின் ஓடைகளிலும் ஏரிகளிலும் நடந்த ஓர் ஆய்வு 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நீருக்குள் மாற்றமடையும் கரைந்த கார்பனில் 70 முதல் 95 சதவீதம் வெயிலின் வேலை என்றது அது. பெரிய எண்தான். ஆனால் அவை ஆழமில்லாத நீர்நிலைகள். மெக்கன்சி ஆறு கலக்கும் போஃபோர்ட் கடலுக்குப் போட்ட கணக்கில், ஆறு கொண்டுவரும் கரிமப் பொருளில் சில சதவீதம்தான் ஆண்டுதோறும் வெயிலால் நேரடியாகக் கரியமில வாயுவாகிறது. என் பார்வையில் இந்தச் சின்ன எண்தான் அதிகம் யோசிக்க வைக்கிறது. ஏன் இவ்வளவு குறைவு?

முதல் காரணம், சாயமே தனக்குக் குடை பிடித்துக்கொள்கிறது. ஆற்று நீர் அடர் பழுப்பாக இருக்கும் இடத்தில் புற ஊதாக் கதிர் மேலே ஓரடி, இரண்டடிக்குள் தீர்ந்துபோகும்; கீழே இருப்பதற்கு வெயிலே கிடைக்காது. அப்புறம் பனிக்கட்டி. ஜூன் மாதம் ஆர்க்டிக்கில் சூரியன் மறைவதே இல்லை. ஆற்றின் பழுப்பு நீரும் சரியாக அப்போதுதான் வருகிறது. ஜோடி பொருத்தம் பிரமாதம் என்று தோன்றும். ஆனால் கடலின் பெரும்பகுதி அப்போதும் மூடியே கிடக்கும். புதுப்பனி படிந்த பரப்பு தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல்நீர் திருப்புவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பனிக்கட்டி உடைந்து நீர் திறக்கும்போது சூரியன் கீழே சரியத் தொடங்கியிருக்கும். தாழ்ந்த சூரியனின் கதிர் காற்றுக்குள் நெடுந்தூரம் நடந்து வர வேண்டும்; வரும் வழியில் ஓசோன் அதன் வீரியத்தை வாங்கிக்கொள்ளும்.

இப்போது அந்த மூடி சுருங்கிவருகிறது. செயற்கைக்கோள் கண்காணிப்பு தொடங்கிய 1979இல், செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012இல் அது 34 லட்சம் வரை இறங்கியது. மூடி சீக்கிரம் விலகினால் ஜூன், ஜூலை வெயில் நேராகச் சாயத்தில் இறங்கும். விழுங்கிய ஒளியில் பெரும்பங்கு வெப்பமாகத்தானே மாறும்? பழுப்பு நீர் அந்த வெப்பத்தை மேல்மட்டத்திலேயே பிடித்துவைத்துப் பக்கத்துப் பனியையும் உருக்க உதவுகிறது.

தெற்கே கதை வேறு. அண்டார்டிகாவில் காடும் இல்லை, லேனாவும் இல்லை. அந்தக் கடல்நீர் அவ்வளவு தெளிவு; நிறத்தை அளக்கக் கைநீளக் கண்ணாடிக் கலம் போதாமல், மெல்லிய நீண்ட குழாய்க்குள் நீரையும் ஒளியையும் சேர்த்து அனுப்பி அளக்கிறார்கள். அங்கே இருக்கிற கரிமப் பொருள் பெரும்பாலும் பாசிகளும் பனிக்கட்டிக்கு அடியில் ஒட்டி வாழும் நுண்பாசிகளும் விட்டது. அவற்றில் சில, புற ஊதாக் கதிரைத் தடுக்கத் தாமே ஒரு பூச்சுப் பொருளைத் தயாரிக்கும். அதுவும் நீரில் கசியும். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அறிவித்த ஓசோன் ஓட்டை, பனி விலகத் தொடங்கும் வசந்த காலத்தில்தான் ஆண்டுதோறும் திறக்கிறது. தெளிந்த நீர், தடுப்பில்லாத கதிர். வெயில் அங்கே கடலுக்குள் ஆழமாகவே இறங்கும்.

வடக்கே திரும்புவோம். 1881 ஜூனில் ‘ஜெனெட்’ என்ற அமெரிக்கக் கப்பல் புதிய சைபீரியத் தீவுகளுக்கு அப்பால் பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டு கழித்து, 1884இல், அதன் பொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையோரப் பனிக்கட்டியில் கிடைத்தன. அதில் ஒரு மாலுமியின் பெயர் எழுதிய எண்ணெய்த்துணிக் கால்சட்டையும் ஒன்று. ஒரு கால்சட்டை துருவத்தைத் தாண்டி வந்திருக்கிறது என்றால் அங்கே ஒரு நீரோட்டம் இருந்தாக வேண்டும் என்று நார்வேயின் நான்சென் பிடித்துக்கொண்டார். 1893இல் ‘ஃப்ராம்’ கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார். 1896இல் அது மறுபக்கம் வெளியே வந்தது. சைபீரியக் காட்டு மரக்கட்டைகள் மிதந்து வருவதும் அந்த வழியில்தான். அதே காட்டின் டீத்தண்ணீர் வருவதும் அதில்தான்.

அந்தப் பயணம் பெரும்பாலும் பனிக்கட்டிக்கு அடியில். பீரோவில் மடித்துவைத்த பட்டுப்புடவை மாதிரி நிறம் அவ்வளவாகப் போவதில்லை. பனி மெலிய மெலிய பீரோக் கதவு திறக்கிறது. இன்னும் மிஞ்சிய சாயம், கப்பலின் பெயரையே தாங்கிய ஃப்ராம் நீரிணை வழியாகக் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையோரம் தெற்கே இறங்குகிறது. அங்கே எடுத்த நீரில் லிக்னின் இருக்கிறது. ஏறக்குறைய தரைத் தாவரங்கள் மட்டுமே அதைச் செய்யும் என்பதால் அது எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. கிரீன்லாந்தைச் சுற்றிய கடல்களில் குளிர்காலம் வந்ததும் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, ஆழத்துக்கு இறங்கும். லிக்னினில் கொஞ்சமும் அதோடு இறங்கிவிடும். அந்த நீர் மறுபடி வெயிலைப் பார்க்கப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.