மழை பெய்யாத இரவிலும் நனையும் டென்ட்: குறைந்த விலையில் கூடாரம் வாங்குவோர் கவனத்துக்கு

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் இரவு தங்கிவிட்டு வந்த இரண்டு கல்லூரி மாணவர்கள், இணையத்தில் வாங்கிய தங்கள் டென்ட்டைச் சென்ற டிசம்பரில் என் கடைக்கு எடுத்துவந்து, "மழையே பெய்யலை அண்ணா, ஆனா உள்ள ஒழுகிடுச்சு, ஓட்டை எங்கேன்னு பார்த்துக் குடுங்க" என்றார்கள். சேலத்தில் முகாம் சாமான்களை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அந்த டென்ட்டைக் கடைக்குள்ளேயே நிறுத்தி, உள்ளே புகுந்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஊசி முனை அளவு ஓட்டைகூட இல்லை. அவர்களை நனைத்தது அவர்களுடைய மூச்சுதான் என்று சொன்னபோது, பழுது பார்க்கத் தெரியாமல் சமாளிக்கிறேன் என்றே இருவரும் நினைத்தார்கள்.

ஒருவர் இரவு முழுவதும் உறங்கும்போது மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் சில நூறு மில்லி நீர் ஆவியாக வெளியேறுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் டிசம்பர் இரவு, அடிவாரத்துச் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரியாவது குளிர்ந்திருக்கும். தெளிந்த வானத்துக்குக் கீழே நிற்கும் மெல்லிய துணியோ, சுற்றியுள்ள காற்றைவிடவும் விரைவாகச் சூட்டை இழந்துவிடும். உள்ளே தேங்கிய ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த துணியில் பட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத் துளிகள் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டத் தொடங்கும். மாணவர்கள் கொண்டுவந்தது ஒற்றைத் துணி டென்ட். குளிருகிறதென்று ஜன்னல், கதவு ஜிப் எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுத்தான் அவர்கள் படுத்திருக்கிறார்கள்.

எனவே, கவிழ்த்த கிண்ணம்போல நிற்கும் டோம் டென்ட்டைக் குறைந்த விலையில் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது, அது ஒற்றைத் துணியா இரட்டைத் துணியா என்பதைத்தான். இரட்டைத் துணி டென்ட்டில் வலைத்துணியாலான உள்கூடு ஒன்றும், அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போர்த்தப்படும் ஃப்ளை எனப்படும் வெளித்துணி ஒன்றும் இருக்கும். மூச்சின் ஈரம் வலையைக் கடந்துபோய் வெளித்துணியின் உட்புறத்தில்தான் படியும். அங்கிருந்து வழிந்து தரைக்குப் போய்விடும். நம் போர்வை உலர்ந்தே இருக்கும். ஒற்றைத் துணிக் கூடாரம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, நல்ல இரட்டைத் துணிக்கு அதைப்போல இருமடங்கோ மும்மடங்கோ ஆகிறது என்பது உண்மைதான். ஆனாலும் கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், வேறு எந்த வசதியையும் விட்டுக்கொடுத்து இந்த வெளித்துணிக்கே போடச் சொல்வேன்.

வெளித்துணி இருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும், அது எதுவரை இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மலிவு டென்ட்கள் பலவற்றில் உச்சியிலுள்ள வலையை மட்டும் மூடும் ஒரு சிறு தொப்பியை மாட்டிவிட்டு, இரட்டைத் துணி என்று விற்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை செங்குத்தாகப் பெய்யும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லையே! சாரல் பக்கவாட்டில் அடிக்கும்போது, தொப்பிக்குக் கீழே தெரியும் சுவர்த்துணி நேரடியாக நனைந்து, அதன் தையல்கள் வழியே நீர் உள்ளே வரும். தரையிலிருந்து நான்கு விரற்கடைக்குள் வந்து நிற்கும் வெளித்துணியே நமக்குத் தேவை. அதன் உச்சியில் சிறு காற்றுத்துளைகள் இரண்டு இருந்து, அவை மழையிலும் திறந்தே நிற்கும்படி குடைபோன்ற மடிப்போடு தைக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, விளம்பரங்களில் காணப்படும் மில்லிமீட்டர் கணக்கு. 1,500 மி.மீ. என்று போட்டிருந்தால், சோதனையில் அந்தத் துணி ஒன்றரை மீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்தை ஒழுகாமல் தாங்கியது என்று பொருள். நம் மலைகளில் ஓரிரவு மழைக்கு வெளித்துணியில் இந்த அளவு போதும். 2,000 இருந்தால் நிம்மதி. தரைத்துணிக்கு மட்டும் இதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈரத்தரையின்மீது நாம் முழங்காலை ஊன்றும்போது மொத்த உடல் எடையும் உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கி, கீழிருக்கும் நீரைத் துணிக்குள் தள்ளுகிறது. தரைத்துணி நான்கு ஓரங்களிலும் ஒரு சாண் உயரத்துக்கு அண்டாவின் விளிம்புபோல மேலெழும்பித் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கவும். எண் எதுவும் போடாமல் "வாட்டர்ப்ரூஃப்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதைப் பனிக்கும் தூறலுக்குமான டென்ட் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

துணி எவ்வளவு தாங்கினாலும், தையல் ஊசி போட்ட துளைகள் நீருக்கு வழிவிடும். இதற்காகத் தையலின் உட்புறத்தில் விரலகலத்தில் ஒரு டேப்பைச் சூடேற்றி ஒட்டியிருப்பார்கள். கடையில் நேரில் வாங்குவதானால் வெளித்துணியைப் புரட்டி, தையலின்மீது கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். வழுவழுப்பாகப் போனால் டேப் இருக்கிறது, நூல் நெருடினால் இல்லை. இல்லாத டென்ட்டை வேண்டாமென்று ஒதுக்கவும் தேவையில்லை. தையலில் பூசுவதற்கென்றே சிறு ட்யூபில் பசை விற்கிறார்கள்; ஒரு மாலை நேரம் செலவிட்டுப் பழைய பிரஷ்ஷால் பூசி இரவெல்லாம் உலரவிட்டால், விலை குறைந்த டென்ட்டும் மழைக்கு நின்றுவிடும். நான் வாடகைக்கு விடும் டென்ட்களில் பாதி இப்படித் தேற்றப்பட்டவைதான்.

டோம் டென்ட்டின் உயிர், உச்சியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரண்டு கோல்களில் இருக்கிறது. அவை வில்லாக வளைந்து துணியை இழுத்துப் பிடிப்பதால், முளை அடிக்காமலேயே கூடாரம் தானாக நிற்கும். நிறுத்திய பிறகு மேடான இடத்துக்கு அப்படியே தூக்கியும் வைத்துக்கொள்ளலாம். மலிவு டென்ட்களில் இவை ஃபைபர் கிளாஸ் கோல்களாகவே இருக்கும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் தடிமன் 7.9 அல்லது 8.5 மி.மீ. இருக்கட்டும். பென்சிலைவிட மெலிந்த கோல்கள், இரும்புக் குழாயில் செருகும் மூட்டுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளந்து, தென்னங்கீற்று ஈர்க்குபோலச் சிலாம்புகளைக் கையில் ஏற்றிவிடும். என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருவதில் இந்த முறிவுதான் மிகுதி. கோல் உள்ளே நுழையுமளவு அகலமுள்ள ஒரு சாண் உலோகக் குழாயும், ஒரு சுற்று அகலமான டேப்பும் பையில் இருந்தால் நடு இரவிலும் முறிந்த இடத்துக்குக் கட்டுப்போட்டு விடலாம். குடைபோல ஒரே இழுப்பில் விரியும் தானியங்கி டென்ட்களை நான் பரிந்துரைப்பதில்லை. உச்சியிலுள்ள அந்த பிளாஸ்டிக் மூட்டு உடைந்தால் நான்கு கால்களும் சேர்ந்தே படுத்துவிடும், அதற்கு மாற்றுப் பாகமும் எளிதில் கிடைக்காது.

எத்தனை பேருக்கான டென்ட் என்ற கணக்கில் ஏமாறாதவர் குறைவு. இணையத்தில் "நால்வருக்கு" என்று விற்கப்படும் டென்ட் பெரும்பாலும் 200 செ.மீ. நீளமும் 200 செ.மீ. அகலமும் உடையது, ஆளுக்கு 50 செ.மீ. என்றால், ரயிலில் ஸ்லீப்பர் பெர்த்தின் அகலம்கூட வராது. டோம் டென்ட்டின் சுவர் தரையிலிருந்தே உள்நோக்கிச் சாய்வதால், ஆறடி உயரமுள்ளவரின் தலையும் காலும் துணியில் முட்டும். முட்டுகிற இடத்தில் படிந்திருக்கும் ஈரம் போர்வைக்கு ஏறும். பையையும் செருப்பையும் உள்ளே வைக்க வேண்டியதையும் சேர்த்துப் பார்த்தால், இருவருக்கு மூவர் டென்ட்டும், இரண்டு குழந்தைகளோடு போகும் தம்பதிக்கு நால்வர் டென்ட்டும் என்று வாங்குவதே சரியாக வருகிறது.

எடையைப் பற்றி நம்மில் பலர் தேவைக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் நேர்ந்த காட்டுத்தீக்குப் பிறகு, மலையேற்றத்துக்கான விதிகள் இறுக்கப்பட்டன. வனத்துறையின் அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம், கூடாரம் போட்டுத் தங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே, பொழுதுபோக்காக முகாமிடும் நம்மவர்களின் டென்ட், கார் நிற்கும் இடத்திலிருந்து ஐம்பதடி தள்ளி, முறையாக அனுமதி பெற்ற ஒரு தனியார் தோட்டத்தில்தான் நிற்கப்போகிறது. அந்த ஐம்பதடிக்கு இரண்டு கிலோ டென்ட்டும் நான்கு கிலோ டென்ட்டும் ஒன்றுதான். அலுமினியக் கோலுக்கும் இறகுபோன்ற நைலானுக்கும் கொடுக்கும் கூடுதல் பணத்தை, நனைந்தால் அவ்வளவாகத் தொய்யாத பாலியஸ்டர் வெளித்துணிக்குத் திருப்பிவிடலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு விலை கொடுத்த டென்ட்டும் நெருப்பில் உருகக்கூடியது என்பதோடு, குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே எடுத்துப்போனால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கூடவே வரும் முளைகள் பெரும்பாலும் வளைந்துபோகும் கம்பித்துண்டுகளாகவே இருக்கும். ஹார்டுவேர் கடையில் எட்டு அங்குல இரும்பாணி பத்து வாங்கிக்கொண்டால், கொல்லிமலையின் கற்கள் மிகுந்த மண்ணிலும் இறங்கும். கயிற்றின் இழுப்புக்கு எதிர்ப்பக்கமாகத் தலையைச் சாய்த்து அடிக்க வேண்டும்.

டென்ட் வீட்டுக்கு வந்ததும், திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிவதற்குள் மொட்டை மாடியில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அங்கே முளை அடிக்க முடியாது என்பதால், தண்ணீர் நிரப்பிய நான்கு வாளிகளில் கயிறுகளைக் கட்டி வெளித்துணியை விறைப்பாக இழுத்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பழைய செய்தித்தாளைத் தரையெங்கும் விரித்துக்கொள்ள, இன்னொருவர் ஹோஸ் குழாயால் தையல்களின்மேல் கால் மணி நேரம் நீரைப் பாய்ச்ச வேண்டும். ஒழுகல் எங்கே என்பதைத் தாளில் விழும் ஈரப்பொட்டு காட்டிக்கொடுக்கும். சோதித்து முடித்ததும் நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகே மடிக்கவும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, அடுத்த மழைக்குள் உரிந்துவிடும். அந்த மாணவர்கள் அதே ஒற்றைத் துணி டென்ட்டோடு ஜனவரியில் மறுபடியும் ஏற்காட்டுக்குப் போனார்கள். நான் சொன்னபடி இரண்டு ஜன்னல்களின் ஜிப்பையும் பாதி திறந்து, மேலே மரத்துக்கு மரம் ஒரு தார்ப்பாயைக் கட்டியிருக்கிறார்கள். குளிரில் நடுங்கியதாகச் சொன்னார்கள்; நனையவில்லை.