பார்த்ததா, கேட்டதா?

அமெரிக்காவில் சில பெரிய கொலை வழக்குகளில் ஜூரிகளை, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரும் பொதுமக்களை, ஓட்டலில் அடைத்து, பேப்பர் படிக்கக்கூட விடுவதில்லையே, 'படித்ததை மறந்துவிடுங்கள்' என்று ஜட்ஜ் சொன்னால் போதாதா என்று பெருந்துறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது. எனக்கு அது சட்டப் புத்தகத்தில் புரியவில்லை, எங்கள் தோட்டத்தில் புரிந்தது.

பள்ளிக்கூடக் காலம். கிணற்று மோட்டாரின் ஒயரை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பா போலீசுக்கு முன்னால், வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடம்தான் போனார். "ஒல்லியான ஆளுங்க. தெக்கால போயிருக்கானுங்க" என்றார் அவர். ஒரு வாரத்துக்குள் ஒல்லியான ஆளைப் பார்த்தவர்கள் ஊரில் மூன்று பேர். அதில் ஒருவன் நான். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனபோது பார்த்தேன், நீலக் கட்டம் போட்ட சட்டை என்றுகூடச் சொன்னேன். "அன்னிக்கு நீ கோபில மாமன் ஊட்டுல அல்லடா இருந்தே?" என்று அம்மா கேட்ட பிறகுதான் விழித்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. நினைவு ஒரே போட்டோவாகப் பதிவதில்லை. என்ன செய்தி என்பது ஒன்று, எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. மூளையின் ஹிப்போகேம்பஸ் இரண்டையும் முடிந்து வைக்கிறது. நாளானால் பெரும்பாலும் முதலில் நழுவுவது 'எங்கிருந்து' என்பதுதான். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை இருக்கிறது, எந்த ஊர் மூட்டை என்று எழுதிய சீட்டு கழன்று விழுந்துவிட்டது என்று வையுங்கள். சும்மா இருக்காத மூளை, மூட்டையைப் பார்த்தே ஊரைச் சொல்லப் பார்க்கும். நிறமும் உருவமும் தெளிவாக இருந்தால் 'இது கண்ணால் பார்த்தது' என்று எழுதிவிடும். திரும்பத் திரும்பச் சொல்லும்போது கற்பனை இன்னும் கொஞ்சம் நிறம் பூசும், பூசப் பூசப் 'பார்த்தது' உறுதியாகும்! பிறகு மை போட்டவர் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரே பேசும்.

1974இல் அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் காட்டி, சிலரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்ற கேள்வி. முதல் வகையில் 50க்கு 7 பேர், இரண்டாவதில் 50க்கு 16 பேர் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

ஜூரிக்கும் இதே கதிதான். பேப்பரில் படித்தது, சில வாரத்தில் கோர்ட்டில் சாட்சி சொன்னதாக மாறிவிடலாம். வெளியிலிருந்து வந்த மூட்டைகளை எடுத்துப் போடு என்கிறார் ஜட்ஜ். எதிலும் சீட்டு இல்லையே!

அதனால்தான் முன்கூட்டியே கேள்வி கேட்டுச் சிலரைக் கழிப்பது, வழக்கை வேறு ஊருக்கு மாற்றுவது, அடைத்து வைப்பது எல்லாம். 1995இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கில் ஜூரிகள் எட்டு மாதத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். இங்கே 1959இல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் பம்பாய் ஜூரி 8க்கு 1 என்று விடுதலை சொல்ல, உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பத்திரிகைகள் அந்தப் பாடு படுத்திய வழக்கு அது.

நம் நாட்டில் ஜூரி முறை போய்விட்டது, சரி. சாட்சி இருக்கிறாரே! சந்தேக நபரைப் பலரோடு நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு முன்பே அவர் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றினால் அணிவகுப்பு எதற்கு? மூலைக்கு மூலை கேமரா மாட்டும் பணத்தில் கொஞ்சத்தை, நம் ஊர்ச் சாட்சிகள் எப்படி நினைவு வைக்கிறார்கள் என்ற ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஒயர் திருடியவன் அகப்படவே இல்லை. அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.