சுங்கான்: பைப்பின் தமிழ்ப் பெயர்

புகையிலையை அடைத்துப் பற்றவைத்து, தண்டு வழியாகப் புகையை இழுக்கும் சிறு கருவிக்குத் தமிழில் சுங்கான் என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "சுங்கான் பத்துற மனிசன்" என்றாலே அவர்களுக்கு ஒரு உருவம் கண்முன் வந்துவிடும். கொழும்பில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது. பைப் என்கிறார்கள், அதுவும் முதலில் குளியலறைத் தண்ணீர்ப் பைப்பைத்தான் குறிக்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது? தெலுங்கிலும் கன்னடத்திலும் சுங்காணி உண்டு, மலையாளத்திலும் சுங்கான் உண்டு. தென்னாட்டு மொழிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிய சொல் இது. புகையிலைச் செடியே போர்த்துக்கேயர் காலத்தில்தான் நம் பக்கம் வந்தது என்பதால், இந்தப் பொருளில் அதற்கு மிஞ்சிய பழமை சொல்ல முடியாது. சுங்கம் என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவதால் இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றலாம். அது சரிவராது. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கிய காலத்தில் புகையிலை இன்னும் அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டியிருக்கவில்லை.

மொழிபெயர்ப்புகளில் சுங்கானுக்குப் பதிலாகப் புகைக்குழாய், புகைக்குழல் என்று எழுதுகிறார்கள். எனக்கு இவற்றில் உடன்பாடில்லை. புகைக்குழாய் என்றால் பஸ்ஸின் பின்னால் கரும்புகை கக்குவதும் அதுதான், ஆலைக் கூரையில் நிற்பதும் அதுதான். உக்கா, சிலும் இரண்டும் வேறு கருவிகள்: உக்காவில் புகை தண்ணீருக்குள்ளால் வரும், சிலும் நேராக நிமிர்த்திப் பிடிக்கும் மண்குழல். கிண்ணமும் தண்டுமாக வாயோரம் தொங்கும் இந்தக் கருவிக்கு வேறெதையும் குறிக்காத ஒரு சொல் கையில் இருக்கும்போது, புதிதாக ஒன்றைக் கட்டுவது ஏன்? நம் சுருட்டு ஆங்கிலத்தில் செரூட் ஆகிவிட்டது, சிங்களத்தில் சுருட்டுவாகவே வழங்குகிறது. புகையிலை விஷயத்தில் தமிழ் அப்படியொன்றும் சொல்லுக்கு வறண்ட மொழி அல்ல.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் குடிப்பார்கள், பிடிப்பார்கள். ஈழத்துப் பேச்சில் பத்துவார்கள். பற்று என்பதன் பேச்சு வடிவம் இது. நெருப்புப் பத்தும், மனிதரும் பத்துவார். சுங்கானுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் சுங்கான்காரரின் நாளில் பாதி வேலை அதைப் பத்த வைப்பதும் அணையாமல் பார்ப்பதும்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் இருந்தார். காலைத் தேத்தண்ணி முடிந்ததும் விறாந்தைக்கு வந்துவிடுவார். புகையிலையை முதலில் ஒரு தாளில் பரப்பிக் காயவிடுவார். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்த பேணிக்குள் இலை கெதியாகப் பூஞ்சணம் பிடிக்கும், ஈரமாக அடைத்தால் நாக்கையும் சுடும். அப்புறம் மூன்று தரமாக அடைப்பார். அடியில் தளர, நடுவில் கொஞ்சம் இறுக்கி, மேலே நன்றாக அமத்தி. முதல் நெருப்பில் மேற்பரப்பு கருகிப் பொங்கி எழும். அதை மெல்ல அமத்திவிட்டு இரண்டாம் நெருப்பு வைப்பார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "பொறும் தம்பி, இப்பதான் பத்துது" என்பார். கடற்காற்றுப் பலமாக வீசினால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவார், ஏனென்றால் காற்றடித்தால் கிண்ணம் கொதித்துவிடும்.

ஒரு நாள் பத்திய சுங்கானை அடுத்த நாள் தொடமாட்டார். சுங்கான் பெரும்பாலும் மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற செடியின் வேர்முண்டில் கடைந்தது. அந்த மரம் ஈரத்தை உறிஞ்சும், காய நேரம் வேண்டும். அடியில் தங்கும் கசண்டைச் சுரண்டி எடுத்து, தண்டுக்குள் பஞ்சுக்கம்பி விட்டுத் துடைத்து, உள்ளே படியும் கரிப்படையை மட்டும் ஒரு மெல்லிய காசின் கனத்துக்கு விட்டுவைப்பார். கசண்டு, கரிப்படை, அமத்துதல்: இந்த வேலைக்கு வேண்டிய சொல்லெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

அவர் ஆசையாகச் சொன்ன புகையிலைக் கலவைகள் பல இன்று பழைய பெயரில் கடையில் இல்லை. டன்ஹில் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பெயரில் வந்த எர்லி மோர்னிங் பைப், நைட்கப், மை மிக்ஸ்ச்சர் 965 ஆகியவை ஒரு காலத்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் மரே ஆலையில் செய்யப்பட்டவை. 2005இல் அந்த ஆலை மூடப்பட்டதும் தயாரிப்பு டென்மார்க்குக்குப் போனது. 2018 அளவில் டன்ஹில் பெயரே புகையிலைப் பேணிகளிலிருந்து மறைந்தது. அதே கலவைகள் சில பின்னர் அயர்லாந்தின் சுங்கான் நிறுவனமான பீட்டர்சன் பெயரில் வந்தன. அமெரிக்காவின் மெக்லெலண்ட் நிறுவனமும் 2018இல் மூடியது. அவர்களுக்குத் தேவையான தரத்தில் சிவப்பு வேர்ஜீனியா இலை கிடைக்காமல் போனது அதற்கு ஒரு காரணம். இலை மாறினால், ஆலை மாறினால், பெயர் அதேயாக இருந்தாலும் சுவை மாறும் என்பது பழைய சுங்கான்காரர்களின் மனக்குறை. அது வெறும் ஏக்கம் என்று தள்ள முடியாது, இலையின் சுவை மண்ணிலும் பதப்படுத்தும் கையிலும் இருக்கிறது.

இந்தக் கலவைகளில் பலவற்றின் உயிர் லட்டாக்கியா. சிரியாவின் துறைமுக நகரத்துப் பெயர் கொண்ட இலை, பிற்காலத்தில் பெரும்பாலும் சைப்பிரசிலிருந்து வந்தது. இலையை விறகுப் புகையில் நாட்கணக்காகக் காட்டிக் கருக்குவார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குடிலுக்குள் புகையிலையைத் தூக்கித் தேங்காய்ப் பொச்சை மூட்டிப் புகைபோடும் வழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு, அப்படிப் பதமான இலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை போனது. ஆகவே லட்டாக்கியாவைக் குடிற்புகையிலை என்றே தமிழில் எழுதலாம். இலையில் சுவைச்சாறு தடவுவதற்கும் சொல் உண்டு: சுருட்டுக்கொட்டில்காரர் அந்தச் சாற்றைக் கோடா என்பார்கள். மேல்நாட்டுக் கலவைகளில் சீனியும் பழரசமும் சேர்ப்பது கோடா போடுவதேதான்.

கொழும்பில் இந்தப் பேணிகள் எப்போதும் தாராளமாகக் கிடைத்ததில்லை. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படுமுன் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த ஆண்டுகளில், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் வந்தால்தான் உண்டு. பேணியை முடிந்தவுடன் எறியமாட்டார்கள். ஊசி நூலும் பொத்தானும் அதற்குள் போகும். பிறகு இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டம். சுங்கான் புகையும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் கொண்டுவரக்கூடியது, அதைப் பத்தும் ஆட்கள் குறைவதில் எனக்கு வருத்தமில்லை. சொல் போவதுதான் வருத்தம்.

எழுதுகிறவர்களுக்கு: சுங்கான், சுங்கானை, சுங்கானால் என்று சாதாரணமாக உருபேற்கும். பைப் புகையிலையைச் சுங்கான் புகையிலை எனலாம், பிளெண்டைக் கலவை எனலாம், டின்னைப் பேணி எனலாம். பேச்சில் பைப் வந்தால் வரட்டும், திருத்த வேண்டியதில்லை. எழுத்தில், குறிப்பாகக் கதைகளை மொழிபெயர்க்கும்போது, சுங்கான் என்றே எழுதுங்கள்.