ஒளிரும் வால்வைப் பார்த்து ப்ரீஆம்ப் வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி ஸ்டுடியோவுக்கு வந்தார். வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறவர், நல்ல குரல். கையில் ஒரு சின்னப் பெட்டி, முகப்பில் கண்ணாடி ஜன்னல், அதற்குள் ஆரஞ்சு வெளிச்சம். மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் அது. ட்யூப் என்றாலும் வால்வு என்றாலும் ஒன்றுதான். "அண்ணா, ட்யூப் ப்ரீஆம்ப் வாங்கிட்டேன், கடையில போட்டுக் காட்டினப்ப பிரமாதமா இருந்துச்சு, வீட்டுல என் இன்டர்ஃபேஸுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல" என்றார். இன்டர்ஃபேஸ் என்பது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, அதற்குள்ளும் ஒரு ப்ரீஆம்ப் இருக்கும். இரண்டிலும் ஒரே வரியைப் பாடவைத்து, சத்தத்தைச் சரிசமமாக்கி, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. உதவியாளரை விட்டுப் போடச் சொல்லிக் கேட்டபோது என்னாலும் முடியவில்லை. கடையில் அவர் கேட்டது பெரும்பாலும் கூடுதல் சத்தமாகத்தான் இருக்கும். ஒரு டெசிபெல் ஏறினாலே போதும், 'சத்தம் கூடிவிட்டது' என்று காது சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும்.

இப்படி வாங்கிவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சேர்த்துவைத்த காசு போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மாதிரிப் பெட்டியைத் தேடி வாங்குவதே குரலுக்குக் 'கலர்' ஏற்றத்தான். முதலில், கலர் என்றால் என்ன? உள்ளே போனதில் இல்லாத ஒன்று வெளியே வருவது, அவ்வளவுதான். 220 ஹெர்ட்ஸில் ஒரு சுத்தமான ஸ்வரத்தை உள்ளே விடுகிறீர்கள், அதை ஷட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலர் உள்ள ப்ரீஆம்ப் அதோடு 440-ஐயும் 660-ஐயும் கொஞ்சம் சேர்த்துத் தரும். 440 மேல் ஸ்தாயி ஷட்ஜம், 660 மேல் ஸ்தாயிப் பஞ்சமம். இன்னும் அழுத்தினால் 1100-ல் அந்தர காந்தாரமும் எட்டிப் பார்க்கும். தம்புரா மீட்டியவர்களுக்கு இது புதிதல்ல. தந்திகள் படியும் குதிரையில் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி, யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துகிறோமே, அதே மேல் ஸ்வரங்கள்தான். தம்புராவில் தந்தி குதிரையை உரசுவதால் வருகிறது, ப்ரீஆம்பில் மின்சுற்று உள்ளே வந்ததை அதே விகிதத்தில் பெருக்காமல் நேர்க்கோட்டை விட்டு விலகுவதால் வருகிறது.

இந்தக் கலருக்காக அந்தக் காலத்து எஞ்சினியர்கள் எதையும் வடிவமைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் வானொலிகளுக்காகச் செய்த வி72 என்ற வால்வு ப்ரீஆம்புக்கு 34 டெசிபெல் கெயின் (பெருக்கும் அளவு), கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. அதன் 40 டெசிபெல் வடிவம்தான் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவின் ரெட் 37 மிக்ஸிங் மேசையில் இருந்தது. 1970-ல் வந்த நீவ் 1073 என்ற டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பும் கலருக்காகச் செய்ததல்ல. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது நீளமான கேபிளில் வரும் இரைச்சலைத் தள்ளுவதற்கும் மைக்கின் சின்ன வோல்டேஜை ஏற்றுவதற்கும். அன்று குறையாக எண்ணிச் சகித்துக்கொண்டதைத்தான் இன்று தேடித் தேடி வாங்குகிறோம்.

அழுத்தமான கலர் வேண்டுமென்றால் பெட்டிக்குள் இரும்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதாவது டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே வரும் இடத்தில் ஒன்று, வெளியே போகும் இடத்தில் ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் செய்கிற வேலை அழகானது. வோல்டேஜ் மாறாமல் அதிர்வெண் மட்டும் பாதியானால், இரும்புக் கோரில் காந்தப் பாயம் இரட்டிப்பாகிறது. ஆகவே கீழ்ச் சத்தம்தான் முதலில் கோரை நிரப்பித் திணறடிக்கும், மேலே உள்ளவை தெளிவாகவே போய்விடும். தவிலின் தொப்பிப் பக்கம், மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார், தாழ்ந்த ஆண்குரல் எல்லாம் கனத்துத் தடித்து வரும், ஆனால் 'ச' 'ஷ' கரகரக்காது. ஈக்வலைஸரில் பேஸை ஏற்றினால் இது கிடைக்காது. அதில் இருப்பதைக் கூட்டலாம், இல்லாத ஸ்வரத்தைப் பிறப்பிக்க முடியாது.

அப்படியானால் வால்வு? 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு 250 வோல்ட் போலப் பிளேட்டில் கொடுத்து ஓட்டுவதற்காகச் செய்தது. மலிவான பெட்டிகள் பலவற்றில் அதற்குச் சில பத்து வோல்ட்தான் போகிறது. வால்வைப் பட்டினி போட்டு ஓட்டுவது என்பார்கள். கெயினில் பெரும்பகுதியை ஒரு சிப் செய்துவிடும். சிலவற்றில் அந்த ஆரஞ்சு வெளிச்சமே வால்வுடையது அல்ல, பின்னால் வைத்த எல்ஈடியுடையது. இதற்காக அவற்றைக் குப்பை என்று நான் சொல்லவில்லை. பட்டினி வால்வை ஓட்டி அழுத்தினால் ஒரு முரட்டுக் கரகரப்பு வரும், ஷேக்கருக்கும் கைத்தட்டலுக்கும் பின்பாட்டுக்கும் நானே பயன்படுத்தியிருக்கிறேன். பழைய ரெக்கார்டுகளின் அந்தத் தடிமனை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இரும்புக்கு அடுத்து நான் பார்ப்பது எத்தனை குமிழ் என்று. கலர் வேண்டுமானால் ப்ரீஆம்பை அழுத்த வேண்டும், அழுத்தினால் சத்தம் ஏறும், ஏறினால் இன்டர்ஃபேஸ் க்ளிப் ஆகும், அதாவது தாங்க முடியாமல் ஒலி வெட்டுப்படும். 1073 வகை ப்ரீஆம்ப் +26 டிபியூ (சிக்னல் அளவைச் சொல்லும் அலகு) வரை தள்ளும். வீட்டில் இருக்கும் இன்டர்ஃபேஸ்களின் லைன் இன்புட் (ஏற்கெனவே பெருக்கிய சிக்னலுக்கான வாய்) பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே நிறைந்துவிடும். பலர் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கெயினைக் குறைத்துவிடுகிறார்கள், கலரும் அங்கேயே போய்விடுகிறது. உள்ளே அழுத்த ஒரு குமிழும் வெளியே அடக்க ஒரு குமிழும் கட்டாயம் வேண்டும். வெளிக்குமிழ் இல்லாத ப்ரீஆம்ப் கையில் இருந்தால், நடுவில் 20 டெசிபெல் குறைக்கும் ஒரு பேட் போட்டுக்கொள்ளுங்கள். சில ரெசிஸ்டர்களும் இரண்டு கனெக்டர்களும்தான் செலவு, சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

அந்தத் தம்பியின் பெட்டியிலும் இரண்டு குமிழ் இருந்தது. வெளிக்குமிழை முழுதாகத் திறந்து, உள்குமிழைப் பயந்து பயந்து பாதிக்கும் கீழே வைத்திருந்தார். அதைத் தலைகீழாக்கினோம், அப்போதுதான் பெட்டி வாயைத் திறந்தது. அவருடைய மெல்லிய குரலுக்கு அது ஒத்துவரவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, எதை வாங்கலாம்? குறைந்த செலவில் 1073 வகைத் தடிமன் வேண்டும் என்றால் கோல்டன் ஏஜ் ப்ராஜெக்டின் ப்ரீ-73-ஐத்தான் நான் முதலில் சொல்வேன். டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன, சிப்புக்குப் பதில் தனித்தனி டிரான்சிஸ்டர்கள், வெளிக்குமிழும் உண்டு. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் வார்ம் ஆடியோவின் டபிள்யூஏ12 இருக்கிறது. ஏபிஐ 312 வழியில் வந்தது, டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் முன்னால் பாயும். அழுக்கான ஒலிதான் வேண்டும், காசும் குறைவு என்றால் ஏஆர்டி ட்யூப் எம்பி போதும், அது பட்டினி வால்வுதான் என்று தெரிந்தே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் 'மலிவு' என்று முடிவு செய்ய வேண்டும். அடாப்டரையும் கேளுங்கள். 110 வோல்ட் அடாப்டரை நம் ஊர் ப்ளக்கில் சொருகினால் கதை முடிந்தது. சில ப்ரீஆம்புகளுக்கு ஏசி வெளியீடு தரும் அடாப்டர்தான் வேண்டும், முள் பொருந்துகிறதே என்று டிசி அடாப்டரைப் போடக் கூடாது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. கணினியிலிருந்து 40 ஹெர்ட்ஸ் சைன் அலையை இன்டர்ஃபேஸ் வழியாக வெளியே எடுத்து, மின்சாரம் வேண்டாத பேஸிவ் டிஐ பெட்டி ஒன்றால் மைக் அளவுக்கு இறக்கி, ப்ரீஆம்புக்குள் விட்டு, திரும்பப் பதிவு செய்து, எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். அப்புறம் அதே அளவில் 1000 ஹெர்ட்ஸ். 40-க்குப் பக்கத்தில் 80-ம் 120-ம் தெளிவாக எழுந்து, 1000-க்கு அந்த அளவு எழவில்லை என்றால் இரும்பு வேலை செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் வைக்காதீர்கள், நம் கரண்டே 50 ஹெர்ட்ஸ், அதன் ஹம் வந்து குழப்பும். டிஐ பெட்டிக்குள்ளும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, ஆகவே கலர் இல்லாத ஒரு ப்ரீஆம்போடு அதே சோதனையை முதலில் செய்து, டிஐ மட்டும் எவ்வளவு சேர்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இணைப்பை மறந்துவிடாதீர்கள், சுத்தமாகப் பதிவு செய்த குரலைப் பிறகு ப்ரீஆம்ப் வழியாக அனுப்பிக் கலர் ஏற்றவும் இதுவேதான் வழி. பாடும்போதே ஏற்றிய கரகரப்பைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்று. ப்ரீஆம்பின் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுங்கள். மைக் இன்புட்டில் கொடுத்தால் சத்தம் இன்னொரு ப்ரீஆம்ப் வழியாகப் போகிறது, பிறகு எதன் கலரைக் கேட்கிறோம் என்றே தெரியாது.

கடைசியாக, பயத்தோடு ஒன்று சொல்கிறேன். பழைய இரும்புக் கடைகளிலும் மைக்செட்காரர்களிடமும் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் இன்னும் கிடைக்கின்றன, அவற்றின் மைக் இன்புட்டில் அருமையான கலர் ஒளிந்திருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் உள்ளே 300 வோல்ட்டோ அதற்கு மேலோ ஓடும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். எர்த் ஒழுங்காக இல்லாத பழைய பெட்டியில் மைக்கைச் சொருகிப் பாடினால் ஷாக் உதட்டில்தான் அடிக்கும். அதன் ஸ்பீக்கர் வெளியீட்டை நேராக இன்டர்ஃபேஸில் கொடுத்தால் இன்டர்ஃபேஸும் போய்விடும். வால்வு வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, பழைய கெப்பாசிட்டர்களை மாற்றி, மூன்று முள் ப்ளக்கும் ஃப்யூஸும் எர்த்தும் சரிபார்த்து, மைக் நிலைக்குப் பிறகு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒரு லைன் வெளியீடு எடுத்துத் தரச் சொல்லுங்கள். தம்பியும் இப்போது அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் வீட்டில் ப்ளக்கில் போடாமல் நேராக இங்கே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.