ஏரிப் பாசனத்தை எந்த நூற்பட்டியலில் தேடுவது?

நூலகக் கணினிப் பட்டியல் புத்தகத்தின் பக்கங்களுக்குள் தேடுவதில்லை. ஆசிரியர், தலைப்பு, நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பு, அலமாரியில் இடம் காட்டும் வகைப்பாட்டு எண் என்று நூலகர் எழுதிவைத்த பதிவை மட்டுமே தேடுகிறது. பதிவில் இல்லாத சொல்லைத் தட்டினால், அலமாரியில் நூல் இருந்தும் வராது. பல்கலைக்கழகப் பட்டியலும் பொது நூலகப் பட்டியலும் வேறுபடுவது பெரும்பாலும் இந்தப் பதிவின் ஆழத்தில்தான்.

தமிழ்நாட்டு ஏரிப் பாசனம் பற்றி ஆய்வேடு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகப் பதிவில் ‘இரிகேஷன் – இந்தியா – தமிழ்நாடு’ என்பதுபோல் இடப்பெயரோடு சேர்ந்த பொருள் தலைப்புகள் இருக்க வாய்ப்பு அதிகம். பொது நூலகத்தில் அதே நூல் ‘வேளாண்மை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடலாம். அதனால் முதலில் பல்கலைக்கழகப் பட்டியலில், தெரிந்த ஒரு நூலைத் தலைப்பைக் கொண்டு பிடியுங்கள். அதன் பொருள் தலைப்பைச் சொடுக்கினால் அதே பொருளில் உள்ள உடன்பிறப்பு நூல்கள் எல்லாம் வரும். பிறகு வகைப்பாட்டு எண்ணுக்கு வாருங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி தசம முறையில் நீர்வளம் 333.91, நீரியல் பொறியியல் 627, வேளாண் பாசனம் 631.587. ஒரே ஏரி மூன்று அலமாரிகளில் கிடக்கிறது. பொது நூலகப் பட்டியலில் இந்த எண்களை இட்டுத் தேடினால், சொல்லுக்குச் சிக்காத பதிவுகளும் சிக்கும். நூலகவியலாளர் ரங்கநாதன் வகுத்த இன்னொரு வகைப்பாடான கோலன் முறையில் அடுக்கும் பல்கலைக்கழகமானால் எண் ஒத்துவராது, தலைப்பையும், நூலுக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னையும் எடுத்துச் செல்லுங்கள்.

தமிழில் தேடும்போது வேறு சிக்கல் உண்டு. ‘பாசனம்’ என்று தேடினால் ‘பாசனத்தின் வரலாறு’ வராமல் போகலாம். நட்சத்திரக் குறியை ஏற்கும் பட்டியலில் ‘பாசன*’ என்று இடுங்கள். ஆனால் ‘குள*’ என்று இட்டால் குளம், குளங்களோடு குளவியும் குளிரும் சேர்ந்து வரும். ‘கொள்ளிடம்’ இன்னும் தொல்லை. அந்த ‘கொ’வின் ஒற்றைக் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், இரண்டையும் சமன்படுத்தாத மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். தலைப்பில் உள்ள வேறொரு சொல்லால் முயலுங்கள்.

பதிவு மெலிந்திருக்கிறது என்று பொது நூலகத்தைத் தள்ளிவிடக் கூடாது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியப் பதிப்பாளர்கள் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியை அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. பாடத்திட்டத்தை ஒட்டி வாங்கும் கல்லூரி நூலகத்தில் கிடைக்காத ஊர் வரலாறுகளையும் சிறு பதிப்பக நூல்களையும் அங்கே தேடிப் பார்ப்பதே முறை.

ஆய்விதழ்க் கட்டுரையின் தலைப்பை இரண்டு பட்டியலிலும் தட்டிப் பயனில்லை. வழக்கமான பட்டியலில் இதழின் பெயர்தான் இருக்கும், கட்டுரைக்குத் தரவுத்தளம் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம் இருக்கிறது.

புறப்படும் முன் நூலின் நிலையைப் பாருங்கள். ‘உள்ளது’ என்றிருந்தாலும் பக்கத்தில் ‘பார்வைக்கு மட்டும்’ என்றிருந்தால் வீட்டுக்குத் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.