கார்புரேட்டரில் கை வைக்கும் முன் ரப்பர் குழாயைப் பாருங்கள்

சென்ற மாதம் பொள்ளாச்சியில் உள்ள என் பட்டறைக்கு ஆனைமலையிலிருந்து ஒரு தோப்புக்காரர், 1996இல் வாங்கிய மூன்று சிலிண்டர் காரைக் கொண்டுவந்தார். "ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லைங்க. ரயில்வே கேட்டில் நின்றால் குலுங்கி அணைந்துவிடுகிறதுங்க" என்றார். அதற்குள் இரண்டு இடங்களில், காற்றில் பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, அதாவது ஐட்லிங்கை, கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவையும் திருகி ஏற்றி வைத்திருந்தார்கள்.

அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. ஐட்லிங்கில், காற்றை உள்ளே விடும் தட்டான த்ராட்டில் மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை அதிகம். அதில் மாட்டிய ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால், அதன் வழியே புகும் காற்று கார்புரேட்டரைத் தொடாமலே வருகிறது. அதற்கேற்ற பெட்ரோல் கூடச் சேர்வதில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால், உள்ளே பாயும் மொத்தக் காற்றில் கசிவு சிறு பங்காகிக் கோளாறு மறைந்துவிடும்.

இந்த உறிஞ்சும் விசையைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வாக்குவம் கேஜை மாட்டினேன். முள் 12 அங்குலத்தில் நடுங்கியது. கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் 17 முதல் 21 வரை காட்டும்; ஆயிரம் அடி ஏற ஏற ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஊட்டியில் ஆறேழு அங்குலம் தாழ்ந்து நின்றால் அது மலையின் கணக்கு, கோளாறு அல்ல. பொள்ளாச்சியில் 12 என்பது கோளாறுதான்.

சோப்புத் தண்ணீரை மூட்டு மூட்டாகத் தெளித்துக்கொண்டே வந்தேன். இன்ஜினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி வால்வுக் குழாயின் வளைவில் தெளித்ததும் நுரை உள்ளே இழுபட்டு, இன்ஜின் சத்தம் மாறியது. மேலே பார்த்தால் குழாய் புதிதுபோலத்தான் இருந்தது. விரலால் வளைத்தபோது அடிப்பக்கம் வாய் பிளந்தது. ஆயில் ஊறிய ரப்பர் களிமண்போல் அமுங்கியது. சிலர் இந்தச் சோதனைக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறார்கள். சூடான இன்ஜின்மேல் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், தீப்பிடித்துவிடும்.

இந்தக் குழாயை போல்ட் வைத்து அடைத்த வண்டிகளும் வருகின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேசில் இறங்கும் புகையும் நீராவியும் வெளியேற அதுதான் வழி. அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும், ஆயில் சேறாகும். தோப்புக்கு மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் இன்ஜின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் மஞ்சள் பிசுக்குப் படியும். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை என்றால், தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று பதறாமல் முதலில் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென ஒலிக்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

குழாய்க்குப் பதில் சொட்டுநீர்ப் பாசனக் குழாயை வெட்டிச் செருகாதீர்கள். சூட்டில் இளகி, உறிஞ்சும் விசையில் ஒட்டிக்கொள்ளும். ஆயிலும் பெட்ரோல் ஆவியும் தாங்கும் குழாயையே கேட்டு வாங்குங்கள். கசிவை அடைத்த பிறகுதான், பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.

இதே உறிஞ்சும் விசையால் பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் அதன் குழாயையும் அன்றே பாருங்கள். இன்ஜினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காத வண்டியை வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கொண்டுபோகாதீர்கள்.