இரவு 12.40 விமானம்: எந்த ராத்திரி?

காரைக்குடியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். இன்றும் மனசை உறுத்துகிற டிக்கெட் ஒன்று உண்டு. பள்ளத்தூர்த் தம்பதி, கோலாலம்பூரில் பேரனுக்குக் காதுகுத்து. திருச்சியிலிருந்து 15-ஆம் தேதி 00.40-க்கு விமானம். அவர்கள் 15-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, முறுக்கு டின்னும் சீடையுமாக விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். விமானம் முந்தைய நள்ளிரவே போய்விட்டது. "15-ன்னுதானே தம்பி போட்டிருக்கு?" என்று ஆச்சி போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தேதி சரிதான், வாயால் விளக்கிச் சொல்லாமல் தாளை நீட்டியவன் நான்.

நம் பேச்சில் பொழுது விடிகிற வரை முந்தின நாள்தான். விமானக் கணக்கிலோ நள்ளிரவு 12 அடித்ததும் தேதி மாறிவிடும். 15-ஆம் தேதி 00.40 என்றால் 14-ஆம் தேதி மாலையே கிளம்ப வேண்டும்.

அடுத்த குழப்பம் பயண நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் ஊர் மணி, இறங்கும் நேரம் அந்த ஊர் மணி. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 00.40-க்கு ஏறிக் காலை 7.10-க்கு இறங்குவதைப் பார்த்தால் ஆறரை மணி நேரம் போலத் தெரியும். பறப்பது நான்கு மணிதான். திரும்பும்போது இரவு 10-க்கு ஏறி 11.30-க்கு திருச்சி. "ஒன்றரை மணி நேரம்தானே" என்று சாப்பிடாமல் ஏறிய சர்க்கரை நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நான்கு மணி நேரப் பயணம். கையில் ஏதாவது சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தூரத்தை மட்டும் வைத்தும் நேரத்தைச் சொல்ல முடியாது. சென்னை–லண்டன் சுமார் 8,200 கி.மீ. போகும்போது மேல்காற்று எதிர்த்து வீசும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் வரும் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறையும்.

உண்மையான கணக்கு வாசலிலிருந்து வாசல் வரை. திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். இறங்கியபின் குடிநுழைவு, பெட்டி, ஊருக்குள் போகும் கார். நான்கு மணி நேர விமானத்துக்குப் பதினோரு மணி நேரம் ஆகிவிடும். எழுபது வயதுக்காரரை அனுப்பும் பிள்ளைகள் இந்தப் பதினொன்றைத்தான் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியும் டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

இப்போதெல்லாம் டிக்கெட் மேலேயே பேனாவால் '14 மாலை 7.30, வீட்டில் புறப்பாடு' என்று பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போனதும் அதைத் தினக் காலண்டரில் 14-ஆம் தேதித் தாளோடு குத்தி வைக்கச் சொல்கிறேன்.